திருப்புளியில் கேட்ட சத்தம்

காதுக்காரர் என்று அவருக்குப் பெயர் வந்தது காது பெரிதாக இருந்ததால் அல்ல. ஓடுகிற மோட்டாரின் உடம்பில் திருப்புளியின் முனையை வைப்பார். அதன் மரக் கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் இருக்கிற எலும்பில் அழுத்திக்கொள்வார். கண்ணை மூடுவார். பத்து எண்ணுவதற்குள் தீர்ப்பு வந்துவிடும்.

"முன்பக்கத்து பேரிங் போச்சு. பின்பக்கம் நல்லாருக்கு, அதைத் தொடாதீங்க."

பிரித்துப் பார்த்தால் அவர் சொன்னது சொன்னபடி இருக்கும். ஒரு முறை அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் ஆள் உயர மோட்டார் ஒன்று அலறிக்கொண்டே இருந்தது. படித்த எஞ்சினியர்கள் மூன்று பேர் இரண்டு நாளாக மோட்டாரைப் பிரிப்பதும் பூட்டுவதுமாக இருந்தார்கள். காதுக்காரர் போய்த் திருப்புளியை மோட்டாரில் வைக்கவில்லை, தரையில் வைத்தார். "மோட்டார்ல ஒண்ணும் இல்லை. அடியில ஒரு போல்ட் தளர்ந்து கெடக்கு. மோட்டாரை விட்டுட்டு சிமெண்டை உடைங்க" என்றார். உடைத்தார்கள். அங்கேதான் இருந்தது. அன்றைக்கு அந்த மூன்று பேரும் அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கு ஈடாக ஒரு பட்டம் கொடுத்திருந்தாலும் அவர் வாங்கியிருக்க மாட்டார்.

அவர் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தது ஐந்து வருடம். அதிலும் ஒரே வகுப்பில் இரண்டு வருடம். பிறகு ஒரு ஒர்க் ஷாப்பில் மண்ணெண்ணெய்த் தொட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து நட்டும் போல்ட்டும் கழுவினார். கை விரலெல்லாம் வெடித்து ரத்தம் கசியும். யாரும் அவரைத் தூக்கிவிடவில்லை, யார் காலையும் அவர் பிடிக்கவில்லை. இன்றைக்கு அவருக்கு இரண்டு ஷட்டர் வைத்த கடை, நாலு ஆட்கள், மாடி வைத்த வீடு. இவ்வளவும் எழுதப் படிக்கத் தெரிந்ததால் வந்ததல்ல, கேட்கத் தெரிந்ததால் வந்தது. இதை அவர் மறைத்ததும் இல்லை. கேட்டவர்களிடம் சொல்வார், கேட்காதவர்களிடம் இரண்டு முறை சொல்வார்.

எழுத்தைக் கண்டால் மட்டும் அவருக்கு ஒரு எரிச்சல். கூட்டிக் கூட்டித்தான் படிப்பார், ஒரு வரி முடிவதற்குள் அதன் ஆரம்பம் மறந்துவிடும். "எழுத்து ஊமைப் பய. எவன் எழுதினான்னு அதுக்கே தெரியாது. குரல் அப்படி இல்லை" என்பார். மோட்டாருக்கு இருப்பதுபோலவே மனிதக் குரலுக்கும் பேரிங் உண்டு என்பது அவர் கணக்கு. உண்மை பேசுகிறவன் குரல் ஒரே சீராக ஓடும். பொய் பேசுகிறவன் குரலில் எங்கேயாவது ஓர் ஆட்டம் இருக்கும். நல்ல காதுக்கு அது தப்பாது.

இந்தக் கணக்கை நம்பித்தான் ஒரே மகளைக் கட்டிக் கொடுத்தார். பையன் டிப்ளமா படித்தவன், குடிநீர் ஆபீசில் மீட்டர் மாட்டுகிற வேலை. சொந்தக்காரர்கள் இன்னும் பெரிய இடமாகப் பார்க்கச் சொன்னார்கள். காதுக்காரர் அவனை எதிரில் உட்கார வைத்து அரை மணி நேரம் பேசவிட்டார். பிறகு உள்ளே போய் மனைவியிடம் சொன்னார். "புது மோட்டார் மாதிரி ஓடுது. இவன்தான்."

அது தப்பாகவில்லை. மருமகன் தங்கமானவன். அவர் வாழ்க்கையிலேயே அந்தக் காது சொன்ன மிகச் சரியான தீர்ப்பு அதுதான். அவனைத்தான் பிறகு அவர் நம்பாமல் போனார்.

போன் வாங்கிக் கொடுத்தது மகள்தான். குரல் பதிவு என்று ஒன்று இருக்கிறது, எழுத்தே வேண்டாம், அமுக்கினால் பேசும் என்று அவள் காட்டியபோது காதுக்காரருக்கு உலகமே தன் பக்கம் திரும்பியதுபோல் இருந்தது. கடைக்கு எதிரில் சலூன் வைத்திருந்தவர் முப்பது வருடச் சிநேகிதர். அவர் போனில் நடத்துகிற குரூப்பில் இருநூறு பேருக்கு மேல் இருந்தார்கள். சலூன்காரர் காதுக்காரரையும் சேர்த்துவிட்டார். காலையில் கடையைத் திறந்து ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்ததும் நாற்காலியில் சாய்ந்து போனைக் காதில் வைத்துக்கொள்வார். எந்த எண்ணெயில் என்ன கலக்கிறார்கள், எந்த மாத்திரை யாரை முடமாக்கியது, மழை ஏன் தள்ளிப் போகிறது, யார் தள்ளிவிடுகிறார்கள் என்றெல்லாம் முகம் தெரியாதவர்கள் பேசினார்கள். குரல்கள் கணீரென்று இருந்தன. ஆட்டமே இல்லை.

எழுதிக் கொடுத்ததை நூறு முறை பேசிப் பழகினவன் குரலிலும் ஆட்டம் இருக்காது. தான் சொல்வதை முழுசாக நம்புகிற மூடனின் குரல் அதைவிட வழவழப்பாக ஓடும். இது அவருக்குத் தோன்றவில்லை. மோட்டாருக்கு நடிக்கத் தெரியாது. வாழ்நாள் முழுக்க நடிக்கத் தெரியாததையே கேட்டுப் பழகிய காது அது.

அந்தச் சமயத்தில்தான் அவர் தெருவுக்குப் புது மீட்டர்கள் வந்தன. சாம்பல் நிறம், கைப்பிடி அளவு, ஓடுகிற முள் கிடையாது, நாலு பக்கமும் சீல். குரூப்பில் அதற்கு முன்பே பேச்சு வந்துவிட்டது. மீட்டருக்குள் என்னமோ இருக்கிறது, தண்ணீரைக் குடித்தால் ஆளை மந்தமாக்குகிறது, கேள்வி கேட்கிற புத்தியையே மழுக்கிவிடுகிறது என்று. காதுக்காரர் அதைக் கேட்டுச் சிரிக்கவும் இல்லை, நம்பவும் இல்லை. ஒரு மத்தியானம் திருப்புளியை எடுத்துக்கொண்டு போய் வீட்டு வாசலில் குந்தி உட்கார்ந்து மீட்டரில் வைத்தார்.

ஒன்றும் இல்லை. தண்ணீர் ஓடுகிற சத்தம். எழுந்திருக்கப் போனவர் மறுபடி குந்தினார்.

டிக். சற்று இடைவெளி. டிக். சற்று இடைவெளி. டிக்.

பெரிய தண்ணீர்த் தொட்டிகளில் மருந்து கலக்கச் சின்னப் பம்பு ஒன்று வைத்திருப்பார்கள். ஒரு தட்டுக்கு ஒரு சொட்டு. அந்த மாதிரிப் பம்பு முப்பதையாவது அவர் பிரித்துச் சரிசெய்திருப்பார். அதன் சத்தம் அவருக்குத் தன் மனைவியின் இருமல் மாதிரி பழக்கம். மீட்டருக்குள் கேட்டது அதே சத்தம். வேறு யார் கேட்டிருந்தாலும் ஏதோ டிக் டிக் என்கிறது என்று விட்டிருப்பார்கள். அவருக்கு மட்டும்தான் அது பம்பாகக் கேட்டது. தெரியாதவன் செய்கிற தப்பு அல்ல அது, தெரிந்தவன் செய்கிற தப்பு.

ஞாயிற்றுக்கிழமை மகளும் மருமகனும் வந்திருந்தார்கள்.

"மாப்பிள்ளை, இந்த மீட்டருக்குள்ள ஒரு பம்பு இருக்கு" என்றார்.

"பம்பு இல்லை மாமா. வால்வு. தேவைப்பட்டா ஆபீஸ்லேர்ந்தே தண்ணியை மூடுறதுக்கு. நம்ம தண்ணி உப்பு இல்லையா, அசையாம கெடந்தா இறுகிப் போயிடும். அதனால தினம் ரெண்டு தடவை தானா லேசா திரும்பிக்கும். அந்தச் சத்தம்தான்."

"அப்படின்னா திறந்து காட்டுங்க."

"சீல் வெச்சது மாமா. உடைச்சா எனக்கு வேலை போயிடும்."

"திறந்து காட்ட முடியாத மெஷின்னு ஒண்ணை நான் இதுவரைக்கும் பார்த்ததில்லை. எதுக்கு ஒளிக்கணும்?"

"ஒளிக்கல மாமா. கண்டவங்க கை வெக்கக் கூடாதுன்னுதான்."

"நாப்பத்தஞ்சு வருஷமா மோட்டாரைப் பிரிச்சுப் போடுறவன் கண்டவன்ல சேர்த்தியா?"

சமையலறையிலிருந்து மகள் எட்டிப் பார்த்தாள். "அப்பா, அவரு ஒரு நாளைக்குப் பத்து மீட்டர் மாட்டுறாரு. அவருக்குத் தெரியாததா?"

"மாட்டுறவருக்கு வெளிப்பக்கம் தெரியும்மா. உள்பக்கம் கேக்குறவனுக்குத்தான் தெரியும்."

மருமகன் சிரித்தான். பிரியமான சிரிப்புதான். "மாமா, நீங்க ஆபீசுக்கே போய்க் கேட்டுப் பாருங்க. நல்லாவே சொல்லுவாங்க" என்றான்.

போனார். மறுநாளே போனார். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றார். கவுண்டருக்குள் இருந்தவரிடம், மீட்டர் ஒன்றைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள், நான் இன்ன தொழில், இத்தனை வருட அனுபவம் என்று சொன்னார். கவுண்டர்காரர் ஒரு தாளை நீட்டினார். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. "இதைப் படிச்சிட்டு எந்தக் கேள்வின்னு குறிச்சுக் குடுங்க."

காதுக்காரர் தாளைப் பார்த்தார். முதல் வரியில் மூன்றாவது சொல்லைத் தாண்ட முடியவில்லை. பின்னால் நின்றவர்கள் கால் மாற்றி நிற்கிற சத்தம் கேட்டது.

"வீட்ல படிச்சவங்க யாராச்சும் இருந்தா கூட்டிட்டு வாங்க பெரியவரே" என்றார் கவுண்டர்காரர். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் பின்னால் யாரோ க்ளுக்கென்று சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்புதான். தொழிற்சாலையின் சிமெண்டை உடைக்கச் சொன்னவரை ஒரு தாள் மடக்கிப் போட்டுவிட்டது. அங்கிருந்து வீட்டுக்குப் போகவில்லை, கடைக்கும் போகவில்லை. நேராகச் சலூனுக்குள் நுழைந்தார்.

"என்னண்ணே, மூஞ்சி தொங்கிக் கெடக்கு?" என்றார் சலூன்காரர். நாற்காலியில் பாதி முகம் நுரையோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

காதுக்காரர் சத்தத்தைப் பற்றிச் சொன்னார். பம்பைப் பற்றிச் சொன்னார். திறந்து காட்ட மாட்டேன் என்றதைச் சொன்னார். தாளைப் பற்றிச் சொல்லவில்லை.

சலூன்காரரின் கத்தி அந்தரத்தில் நின்றது. "அண்ணே, இதை நாங்க சொன்னா வதந்தி. நீங்க சொன்னா சர்டிபிகேட். உங்க காதை இந்த ஊர்ல யாரு மறுக்க முடியும்? பேசுங்கண்ணே, நான் போட்டு விடுறேன்."

"நான் என்னத்தைப் பேசுறது?"

"கேட்டதைப் பேசுங்க. ஒரு வார்த்தை கூட்ட வேணாம், குறைக்க வேணாம்."

பாதி முகத்து ஆளும் சொன்னார். "பேசுங்க ஐயா. புள்ளகுட்டிக்காரங்க நாங்க."

காலையில் ஒரு தாளின் முன்னால் கூனிக் குறுகி நின்ற மனிதனுக்கு மத்தியானத்தில் இப்படி ஓர் ஆசனம் கிடைத்தால் உட்காராமல் இருப்பாரா? உட்கார்ந்தார். பேசினார். இரண்டு நிமிடம் நாற்பது வினாடி.

"வணக்கம். நாப்பத்தஞ்சு வருஷமா மோட்டாரும் பம்புமா வாழ்ந்தவன் நான். என் காது இதுவரைக்கும் பொய் சொன்னதில்லை. புது மீட்டருக்குள்ள மருந்து சொட்டு விடுற பம்பு ஓடுது. என் காதால கேட்டேன். திறந்து காட்டச் சொன்னேன், மாட்டேன்னுட்டாங்க. ஏன்னு நீங்களே யோசிச்சுக்குங்க..."

குரலில் ஓர் இம்மி ஆட்டம் இல்லை. அவரே திரும்பப் போட்டுக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டார்.

நாலாம் நாள் மனைவியின் தம்பி எங்கோ தூரத்திலிருந்து போன் செய்தான். "மாமா, உங்க ஊர் விஷயம் ஒண்ணு வந்திருக்கு, கேட்டீங்களா?" என்று அனுப்பினான். காதுக்காரர் அமுக்கினார். முதலில் ஒரு பயங்கர இசை. பிறகு வேறொரு கனத்த குரல். "உயிரைப் பணயம் வைத்து உண்மையை உடைக்கிறார், ஓய்வுபெற்ற தலைமைப் பொறியாளர்." அதன் பின்னால் அவருடைய குரல்.

"நாப்பத்தஞ்சு வருஷமா" என்பது அப்படியே இருந்தது. "மோட்டாரும் பம்புமா" என்பதை யாரோ வெட்டியிருந்தார்கள். கடைசியில் இன்னொரு குரலை ஒட்டியிருந்தார்கள். பக்கத்து ஊரில் மூன்று குழந்தைகள் இந்தத் தண்ணீரால் பேச்சு இழந்துவிட்டார்களாம்.

அந்தக் குழந்தைகளைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. அதை அவர் சொல்லவும் இல்லை. மச்சானுக்குப் போன் செய்து, இது நான்தான், எஞ்சினியர் இல்லை, பின்னால் இருப்பது என் பேச்சு இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு நிமிட வேலை. செய்யவில்லை. தலைமைப் பொறியாளர் என்ற இடத்தை மறுபடி போட்டுக் கேட்டார். சாப்பிட உட்காருவதற்கு முன் ஒரு முறை, சாப்பிட்ட பிறகு ஒரு முறை. மனைவி "என்னங்க அதையே போட்டுக்கிட்டு?" என்று கேட்டபோது போனைக் கவிழ்த்து வைத்தார். குழந்தைகள் விஷயத்தை அவர் மனம் இப்படித் தீர்த்துக்கொண்டது. நமக்குத் தெரியவில்லை என்பதால் நடக்கவில்லை என்று ஆகிவிடுமா?

வாரக் கடைசியில் மருமகன் தனியாக வந்தான். உட்காரவில்லை.

"மாமா, தயவுசெஞ்சு அதை எடுக்கச் சொல்லுங்க. நேத்து ஒரு தெருவுல நாயை அவுத்து விட்டுட்டாங்க. இன்னொரு இடத்துல ஒரு அம்மா என் மேல கொதிக்கிற தண்ணிய ஊத்த வந்தாங்க."

"மாப்பிள்ளை, நான் உங்களை ஒண்ணும் சொல்லலையே. மேல இருக்கறவங்களைத்தானே சொன்னேன்."

"மேல இருக்கறவங்க தெருவுக்கு வர மாட்டாங்க மாமா. நான்தான் வரேன்."

அந்தக் குரலில் ஓர் ஆட்டம் இருந்தது. காதுக்காரர் அதைக் கவனித்தார். ஆபீஸ் மிரட்டிப் பேசச் சொல்லியிருக்கும் என்று நினைத்தார். பயத்தாலும் ஒரு குரல் ஆடும் என்பது அந்த நேரத்தில் அவருக்கு நினைவுக்கு வரவில்லை.

"பார்க்கலாம்" என்றார். பார்க்கவில்லை.

ஒன்பது நாள் கழித்து மகள் ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்தாள்.

வராந்தாவில் பச்சை பெயிண்ட் அடித்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். புருஷனின் கருவிப் பை அவள் மடியில் இருந்தது. ஒரு பக்கம் கிழிந்திருந்தது. காதுக்காரர் பக்கத்தில் உட்காரப் போனார். அவள் நகர்ந்து இடம் கொடுக்கவில்லை. நின்றார்.

"மீட்டர் மாட்டப் போன தெருவுல, குழாய் ஸ்பேனராலேயே அடிச்சிருக்காங்க" என்றாள். சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "அவரோடதுதான், அவர் பையிலேர்ந்தே எடுத்து. இடது காது. உள்ளே நரம்பு போச்சாம். இனி அந்தப் பக்கம் கேக்காதுன்னுட்டாங்க. நிமிர்ந்து உக்காந்தா தலை சுத்துது, வாந்தி எடுக்கறாரு."

காதுக்காரர் பையின் கிழிசலைப் பார்த்தார்.

"அடிக்கறப்போ போன்ல உங்க பேச்சைச் சத்தமா போட்டாங்களாம்பா. கூட்டம் சேக்கறதுக்கு. இவரு கீழே விழுந்து கெடந்துக்கிட்டே, 'அது என் மாமனார் குரலுங்க, அவரு மோட்டார் மெக்கானிக், நான் அவரு மருமகன்'னு கத்தியிருக்காரு. அவங்க சிரிச்சாங்களாம். தலைமைப் பொறியாளர் மருமகன் தெருத் தெருவா மீட்டர் மாட்டுவானான்னு. பொய் வேற சொல்றியான்னு அதுக்கப்புறம்தான் காதுல அடிச்சிருக்காங்க."

பெஞ்சின் மறுகோடியில் யாரோ ஒருவர் பாத்திர மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். காதுக்காரர் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு நின்றார்.

"நான் சொல்லிடறேன்மா. எல்லார்கிட்டயும் சொல்லிடறேன், தப்புன்னு."

"சொல்லுங்க." அவள் இப்போதுதான் அவரைப் பார்த்தாள். "சொன்னா மட்டும் போதாது. யாராச்சும் நம்பணும். ஊரு வேணாம், தெரு வேணாம். ஒரே ஒரு ஆளு நம்பட்டும். ஒரே ஒருத்தரை என் முன்னாடி கூட்டிட்டு வாங்க. அதுக்கப்புறம் என் வீட்டு வாசப்படி மிதிங்க. அதுவரைக்கும் வராதீங்கப்பா."

ஒரே ஓர் ஆள். காதுக்காரருக்கு அது பெரிய காரியமாகவே தெரியவில்லை. அவர் சொல்லி இந்த ஊர் எதைக் கேட்காமல் இருந்திருக்கிறது?

முதலில் தன் மனசுக்கு நிச்சயம் வேண்டியிருந்தது. வீட்டு மீட்டரைக் குழாயோடு அறுத்தெடுத்துக் கடைக்குக் கொண்டுபோனார். ஆட்களை வெளியே நிற்கச் சொன்னார். சீலை உடைத்தார். மேல்மூடியைக் கழற்றினார். வெள்ளைத் துணியை விரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். கட்டைவிரல் அளவு பேட்டரி. நகத்தளவு பச்சைத் தகடு. பொடிப் பல்சக்கரங்கள் மூன்று. அவை திருப்புகிற ஒரு வால்வு, அதன் விளிம்பில் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. அவ்வளவுதான். மருந்துக்குப்பி இல்லை. குப்பி வைக்க இடமே இல்லை. பல்சக்கரத்தை நகத்தால் திருப்பினார். டிக் என்றது. மருமகன் சொன்னது சொன்னபடி இருந்தது.

அங்கேயே உட்கார்ந்து போனில் பேசினார். யாரும் அவரைப் பேசச் சொல்லவில்லை இந்த முறை. தான் யார், என்ன தொழில், எந்தக் கடை என்று எல்லாம் சொன்னார். நான் எஞ்சினியர் இல்லை, நாலாவது வரைக்கும்தான் படித்தேன் என்று வாழ்நாளில் முதல் தடவையாக வெட்கத்தோடு சொன்னார். மீட்டரைப் பிரித்துப் பார்த்துவிட்டேன், வால்வுதான், என் காது தப்புச் சொல்லிவிட்டது, என் மருமகனை அடித்துவிட்டார்கள் என்று சொன்னார். மருமகன் என்ற இடத்தில் குரல் உடைந்தது. மறுபடி பேசலாமா என்று யோசித்து, அப்படியே அனுப்பிவிட்டார்.

பதில்கள் வந்து விழுந்தன. எழுத்தாக வந்ததைக் கடையாள் ஒருவரைப் படிக்கச் சொன்னார். அவர் தயங்கித் தயங்கிப் படித்தார்.

"'யாரோ கழுத்துல கத்தி வெச்சுப் பேச வெச்சிருக்காங்க.' 'குரல் நடுங்குது கவனிங்க.' 'இது கம்ப்யூட்டர்ல செஞ்ச குரல், அசல் குரல் இப்படி இருக்காது.' 'உண்மையான தலைமைப் பொறியாளரைக் காணோமாம், எல்லாருக்கும் பகிருங்க.' அவ்வளவுதாங்க ஐயா. அப்புறம் உங்களை குரூப்லேர்ந்து எடுத்துட்டாங்க."

"யாரு எடுத்தது?"

"எதிர்க் கடைதாங்க."

காதுக்காரர் பிரித்த மீட்டரைத் துணியோடு மூட்டையாகக் கட்டிக்கொண்டு தெருவைக் கடந்தார். சலூன்காரர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்கே வந்தார். கண் கலங்கியிருந்தது. முப்பது வருடச் சிநேகிதம் பொய்யில்லை.

"அண்ணே, எங்கிட்ட மட்டும் சொல்லுங்க. யாரு உங்களை மிரட்டினது?"

"யாரும் மிரட்டலப்பா. இந்தா, நீயே பாரு. இதுல எங்கே இருக்கு மருந்து?"

சலூன்காரர் துணியில் கிடந்ததைப் பார்த்தார். நன்றாகக் குனிந்துதான் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "இது உங்க வீட்டு மீட்டருதானே?"

"ஆமா."

"உங்க பேச்சு ஊர் பூரா போனப்புறம் நீங்க பிரிச்சுப் பாப்பீங்கன்னு அவங்களுக்குத் தெரியாதாண்ணே? உங்க வீட்டுதுல மட்டும் எடுத்திருப்பாங்க. அவ்வளவு பெரிய ஆபீஸு, அதுகூடச் செய்ய மாட்டாங்களா?"

"அப்ப உன் கடை மீட்டரைப் பிரிப்போம், வா."

"என் கடையோடது போன வாரமே உடைச்சுப் போட்டாச்சுண்ணே. தெருவே போட்டுடுச்சு." அவர் காதுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. நீங்க மொதல்ல சொன்னதை நாங்க காப்பாத்துவோம். உங்களால சொல்ல முடியாம போனாலும் நாங்க விட மாட்டோம்."

விரோதியாக இருந்தால் சண்டை போடலாம். இவரிடம் என்ன செய்வது? கையை உருவிக்கொண்டு வந்தார்.

அதற்கடுத்த நாட்களில் தெருவில் இருபது பேரிடமாவது சொல்லியிருப்பார். சிலர் பாவமாகப் பார்த்தார்கள். சிலர் கதவைச் சாத்தினார்கள். ஒரு பெண் மட்டும், "நீங்க சொல்றது சரியாத்தான் இருக்கும் ஐயா" என்றாள். காதுக்காரருக்கு உயிர் வந்தது. மகள் வீடு வரைக்கும் வந்து இதைச் சொல்ல முடியுமா என்று கேட்டார். "ஐயோ, எனக்கெதுக்கு வம்பு. நானும் வெளியிலதான் தண்ணி வாங்கறேன்" என்றாள்.

அவர் வீட்டில் ஆபீஸ் ஆட்கள் போலீஸ் துணையோடு வந்து வேறு மீட்டர் மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். ஒரு காலையில் சமையலறைக்குள் போனவர், அடுப்புக்குப் பக்கத்தில் இருபது லிட்டர் தண்ணீர்க் கேன் இருப்பதைப் பார்த்தார். மனைவி அதிலிருந்து உலைக்கு மொண்டுகொண்டிருந்தாள்.

இத்தனை நாளும் இது அவருக்குத் தோன்றவில்லை. ஒரே ஓர் ஆளுக்காக ஊரெல்லாம் அலைந்தாரே, வீட்டிலேயே இருக்கிறாளே. நாற்பது வருடம் கூட வாழ்ந்தவள். இவளைக் கூட்டிக்கொண்டு போனால் மகள் வேண்டாம் என்றா சொல்வாள்?

"அதெதுக்கு கேனு? நான்தான் சொல்லிட்டேனே, குழாய்த் தண்ணியில ஒண்ணும் இல்லைன்னு."

அவள் மொள்வதை நிறுத்தவில்லை. "இருக்கட்டுங்க. கெடந்துட்டுப் போகுது."

"நீயுமா நம்பல? நான் பிரிச்சுப் பார்த்தேன்டி. என் கையால."

"நான் என்னங்க கண்டேன், படிக்காதவ." பானையை அடுப்பில் ஏற்றிவிட்டு முந்தானையில் கையைத் துடைத்தாள். "மொதல்ல பேசினப்போ உங்க குரல்ல ஆட்டமே இல்லை. இப்ப பேசறப்போ இருக்கு. ஆட்டம் இருந்தா என்ன அர்த்தம்னு நீங்கதானே எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க?"

குத்திக்காட்டவில்லை அவள். நிஜமாகவே கேட்டாள். காதுக்காரர் பதில் சொல்ல வாயெடுத்தால் அந்தச் சொல்லும் நடுங்கும்.

குழாயைத் திறந்து ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்தார். இவள் கண் முன்னாலேயே குடித்துக் காட்டிவிடலாம் என்றுதான் பிடித்தார். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு என்ன நினைத்தாரோ, கூடத்தைத் தாண்டி வாசலுக்கு வந்தார். ஜன்னல் கட்டையில் கிடந்த திருப்புளியை எடுத்தார். புது மீட்டரின் முன்னால் குந்தினார். முனையை அதில் வைத்து, கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் அழுத்தினார்.

வெகு நேரம் ஒன்றும் இல்லை. முட்டி வலித்தது. பிறகு வந்தது.

டிக். சற்று இடைவெளி. டிக்.

வால்வு என்று கைக்குத் தெரியும். உப்புப் படிந்த அந்த விளிம்பைக் கண் பார்த்திருக்கிறது. ஆனால் காதுக்குள் கேட்டது வால்வு இல்லை, பம்பு. ஒரு தட்டுக்கு ஒரு சொட்டு. எவ்வளவு சொல்லியும் அது வால்வாகக் கேட்க மறுத்தது. அவர் பிரித்துப் பார்த்தது பழையதைத்தான். இதைப் பிரிக்கவில்லை. போலீஸோடு வந்து மாட்டினார்களே, எதற்குப் போலீஸ்?

அந்தக் கேள்வி வந்ததும் அவர் கண்ணைத் திறந்தார். மகள் கேட்ட அந்த ஒரே ஓர் ஆள் தானாகக்கூட இருக்க முடியாது என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

டம்ளர் படிக்கட்டில் இருந்தது. அதை எடுத்தார். வாய்வரைக்கும் கொண்டுபோனார். பிறகு வாசல் மண்ணில் ஊற்றிவிட்டார்.